அண்ணி பாஸ் பண்ணாத கிட்னி

அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. சரி, திட்டித் தீர்க்கலாம் என்று உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் எதையாவது சொல்லித் தொலைக்கிறேன்.

அண்ணி என்றால் என் மனைவியின் அக்கா. கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். ரெடிமேட் துணி ஃபேக்டரியில் கடைசி செக்கிங் டேபிள் அவருடையது. தைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு வருகிற சட்டை பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவர் கண்ணில் பட்டாக வேண்டும். நீளமான ஹால், தலைக்கு மேலே வரிசையாக டியூப் லைட், வெள்ளை ஷீட் விரித்த டேபிள். சட்டையை உள்பக்கம் திருப்புவார். காலர், தோள், கை, அடிமடிப்பு என்று ஒழுங்காகப் போவார். உள்ளங்கையை உள்ளே விட்டுத் தையலைத் தடவிப் பார்ப்பார். குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். சரிபண்ண முடிந்தால் அது ஆல்டருக்குப் போகும், முடியாவிட்டால் செகண்ட்ஸ். செகண்ட்ஸ் என்றால் கெட்டுப்போன சரக்கு என்று நினைக்காதீர்கள். போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் எவனுக்கும் தெரியாது. ஆனால் அண்ணிக்குத் தெரியும்.

லைனில் தைக்கிற பெண்கள் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பெயர் அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை, பெருமையாகத்தான் வீட்டில் வந்து சொன்னார்.

அவர் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வரன் வராமல் இல்லை. ஒருவருக்கு வாய் நீளம், ஒருவர் நின்றால் தோள் ஒருபக்கம் இறங்குகிறது, இன்னொருவர் டீயை ஊர் கேட்க உறிஞ்சினார். "எங்கக்கா மாப்பிள்ளைங்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிடும்" என்று என் மனைவி கேலி செய்வாள். நான் முதல்முறையாக அவர்கள் வீட்டுக்குப் போன அன்று என் நகக்கண்ணில் கிரீஸ். எனக்கு டூவீலர் மெக்கானிக் பட்டறை, எப்படிக் கழுவினாலும் போகாது. அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போன பிறகு தங்கையிடம், "ஆல்டர் பண்ணினா பாஸ் ஆயிடுவாரு" என்று சொன்னாராம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் என் மனைவி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "உங்களை இன்னும் ஆல்டர் பண்ணி முடியலைங்க."

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அண்ணி செக்கிங்குக்கு வந்த புதிதில், ஒரு குழந்தைச் சட்டையின் அக்குளில் தையல் லேசாக விலகியிருந்ததைப் பார்த்திருக்கிறார். லாரி வெளியே நிற்கிறது. சூப்பர்வைசர், "சின்னதுதானேம்மா, போகட்டும்" என்றிருக்கிறார். போக விட்டுவிட்டார். அதே மாதிரி இன்னும் நிறைய இருந்திருக்கிறது. மொத்த லாட்டும் திரும்பி வந்தது. அந்தத் தையலைப் போட்ட பெண்ணை வேலையை விட்டு அனுப்பினார்கள், சூப்பர்வைசரை ஒன்றும் செய்யவில்லை. அன்றிலிருந்து 'சின்னதுதானே' என்று யாராவது சொன்னால் அண்ணியின் முகம் மாறிவிடும். "சின்னதுன்னு விடுறோமே, அதுதான் மாப்ள முதல்ல பிரியும்" என்பார். என்னை அவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார். நல்ல வேலைக்காரர். அந்த நல்ல வேலைதான் எங்கள் குடியைக் கெடுத்தது.

என் மனைவி செருப்புக் கடையில் வேலை பார்த்தாள். வாங்க வருகிறவர்கள் வாசலில் ஏறும்போதே காலைப் பார்த்து நம்பர் சொல்லுவாள், பெட்டியைத் திறந்தால் சரியாக இருக்கும். அவளுக்கு நோய் வந்ததைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். "என்னங்க, என் கால் ஒரு நம்பர் ஏறிடுச்சு" என்றாள். வயசானால் கால் பெருக்கும் போல என்று நான் ஒரு ஜோக் அடித்தேன். அடுத்த வாரம் இன்னும் ஒரு நம்பர் ஏறியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம், சிறுநீர், ஸ்கேன். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன, ரொம்ப நாளாகவே உள்ளுக்குள் நடந்திருக்கிறது என்றார்கள். வலியும் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. எஞ்சின்கூட சீஸ் ஆகி இறுகி நின்றுபோவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுக்கும்.

டயாலிசிஸ் தொடங்கியது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி. கழுத்தில் ஒரு குழாய் போட்டார்கள். மெஷின் ஊசி ஏற்ற வசதியாகக் கையில் இரண்டு ரத்தக்குழாயை இணைத்துப் பார்த்தார்கள், அது சரியாக எடுபடவில்லை. கழுத்துக் குழாயே நிலைத்துவிட்டது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும். என் மனைவி ஐஸ் கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொண்டு, "இதுதான் எனக்கு விருந்து" என்பாள். மெஷினை விட்டு இறங்கிய அன்று கால் பழைய நம்பருக்கு வரும். மறுநாள் சாயங்காலம் ஏறத் தொடங்கும். காலையில் கண் விழித்ததும் முதல் பேச்சே அதுதான். "இன்னைக்கு ஏழுங்க."

மாற்றுக் கிட்னி வைத்துவிட்டால் நல்லது என்றார் டாக்டரம்மா. அவர் கிட்னி டாக்டர், நிதானமானவர், கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பதில் சொல்லுவார். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்னுடையது ஆகாது என்று முதல் நாளே தள்ளிவிட்டார்கள். அண்ணி, "நான் இருக்கும்போது எதுக்கு ஊரெல்லாம் தேடுறீங்க?" என்று கையை நீட்டினார். ரத்த வகை சேர்ந்தது. மற்றப் பொருத்தமும் பார்த்தார்கள், பிரமாதமாக இருந்தது. என் மனைவிக்கு அன்று வந்த சிரிப்பை நான் அதற்கப்புறம் பார்க்கவில்லை.

கடைசியாக ஒரு ஸ்கேன். நரம்பில் மருந்து ஏற்றி, கிட்னிக்குப் போகிற ரத்தக்குழாய்களைப் படம் பிடிப்பது. அதன் ரிசல்ட் சொல்லத்தான் டாக்டரம்மா அண்ணியையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். சின்ன அறை. கம்ப்யூட்டரில் படம். இரண்டு பக்கமும் கொடி மாதிரி ரத்தக்குழாய் கிளம்பிப் போகிறது.

"வலது பக்கம் ரொம்ப சுத்தம். இடது பக்கம் மட்டும், குழாய் ஆரம்பிக்குற இடத்துல சுவர் லேசா தடிச்சிருக்கு. பாருங்க, இங்க. சின்னதுதான்" என்றார் டாக்டரம்மா.

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். பாவம், அவருக்கு என்ன தெரியும்? நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துவிட்டார்.

"இதனால உங்களுக்கு இப்போ ஒண்ணும் இல்லை. பிரஷர் நார்மல், கிட்னி நல்லா வேலை செய்யுது. இந்த இடது கிட்னியை எடுத்து உங்க தங்கச்சிக்கு வைக்கலாம். தடிச்ச இடத்தைத் தாண்டி வெட்டித்தான் எடுப்போம், அந்தப் பகுதி பெரும்பாலும் கூடவே வராது. வலது உங்ககிட்டயே இருக்கும். உங்க பிரஷரை மட்டும் வருஷா வருஷம் பார்த்துக்கணும்."

"வலதுதான் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே டாக்டர். அதையே எடுங்களேன்" என்றார் அண்ணி.

"அது முடியாதும்மா. ரெண்டுல எது நல்லதோ அது குடுக்குறவங்ககிட்டதான் இருக்கணும். அதான் எங்க முறை. ஆரோக்கியமா வந்த ஒருத்தரைக் குறையோட வீட்டுக்கு அனுப்பக் கூடாது."

"அப்போ குறை என் தங்கச்சிக்கா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இப்படி லேசான குறை உள்ளவர்களிடமிருந்து எடுத்து வைத்ததில், மற்றக் கிட்னிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நன்றாகவே ஓடுகிறது என்றார். அண்ணி விடவில்லை.

"உங்களால உத்தரவாதம் குடுக்க முடியுமா?"

"உத்தரவாதம் எந்தக் கிட்னிக்கும் குடுக்க முடியாது. இப்படி இருக்குறவங்ககிட்ட எடுக்குறதே குறைவு, அதனால நிறையப் பேரை வெச்சுப் பார்த்ததுன்னும் சொல்ல மாட்டேன். ஆனா உங்க தங்கச்சி மெஷின்ல இருக்குறதைவிட இது எவ்வளவோ மேல். அதுல எனக்குச் சந்தேகமே இல்லை."

இதைவிட நேர்மையாக ஒரு டாக்டர் பேச முடியாது. நான் சந்தோஷமாக வெளியே வந்தேன். மெக்கானிக் மூளை. எத்தனை வண்டிக்குப் பழைய வண்டியிலிருந்து கழற்றிய பார்ட்ஸைப் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். ஓடுகிறதா, ஓட்டு. ஆனால் அண்ணி வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார்.

"பார்த்தீங்களா மாப்ள, அவங்களே பாஸ்னு சொல்ல மாட்டேங்குறாங்க."

"அண்ணி, அவங்க டாக்டர். அப்படித்தான் பேசுவாங்க."

"கையெழுத்துப் போடத் தயங்குற பீஸை நான் பெட்டிக்குள்ள போட மாட்டேன்."

"இது சட்டை இல்லை அண்ணி!" கத்திவிட்டேன். ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார்.

"சட்டைன்னா கூட விட்டிருப்பேன். இது என் தங்கச்சி."

அதோடு அவர் ஒற்றைக் காலில் நின்றார். முடியாது என்று ஒருநாளும் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்றார். இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போனார், அங்கேயும் அதே பதில். வேறொரு பெரிய டாக்டரைப் பார்த்தார், அவர் படத்தைப் பார்த்துவிட்டு இதையெல்லாம் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அண்ணிக்குப் பிடிக்கவில்லை. "சரியாவே பார்க்கலை" என்று வந்துவிட்டார். வாரம் ஒருநாள் லீவு போட்டு, படத்தை உறையில் போட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினார். ஒருமுறை ஸ்கேன் எடுக்கிற ஆளிடமே போய், "தம்பி, இடதை வலதுன்னு மாத்திப் போட்டுக் குடுங்களேன், யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சியிருக்கிறார். அந்த ஆள் பயந்துபோய் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டார். அந்தக் குழந்தைச் சட்டைக்கு அப்புறம் ஒரு நூலைக்கூட மறைத்து அனுப்பாத மனுஷி. தங்கைக்கு நல்லது போய்ச் சேர வேண்டும் என்று பித்தலாட்டம் பண்ணவும் துணிந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் தலையில் அடித்துக்கொண்டேன்.

என் மனைவியிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கேட்ட அன்றே மெஷினிலிருந்து இறங்கி, வீட்டுக்குக்கூட வராமல், "நேரா அக்கா வீட்டுக்கு விடுங்க" என்றாள். அண்ணிக்கு மாடியில் ஒரே அறை. கட்டில், இஸ்திரிப் பெட்டி, கட் பீஸ்களை ஒட்டுப்போட்டுத் தைத்த திரைச்சீலை. மாடிப்படியில் என் மனைவி மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள்.

"அக்கா, உனக்குப் பயமா இருக்கா? பயமா இருந்தா சொல்லிடு. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்."

"எனக்கென்னடி பயம்? ரெண்டையும் எடுத்துக்கச் சொல்லு, படுத்துக்கறேன்."

"அப்புறம் என்ன? அந்தக் குறையுள்ளதையே குடு. எனக்கு அது போதும்."

"போதாது."

"போதும்கா! சின்ன வயசுலேர்ந்து உன் பழைய பாவாடைதானே போட்டு வளர்ந்தேன்? உன் பழைய செருப்பு, உன் பழைய ஸ்கூல் பை. உன் பழைய கிட்னி மட்டும் எனக்கு ஆகாதா?" சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அண்ணி சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அதனாலதான்டி. நீ பிறந்ததுலேர்ந்து புதுசா உனக்கு என்ன குடுத்திருக்கேன்? எல்லாம் நான் போட்டுக் கழிச்சது. வேலைக்குப் போன பிறகும் செகண்ட்ஸ்தானே எடுத்துட்டு வந்தேன். உன் கல்யாணத்துக்கு எடுத்த துணியில கூட ஓரத்துல ஒரு இழை விட்டுப்போயிருந்துச்சு. நீ பார்க்கலை, நான் பார்த்தேன். இந்த ஒரு தடவையாவது முதல் தரமா ஒண்ணு குடுக்கணும்னு நினைச்சேன். அதுலயும் வந்து அம்புக்குறி போடுறாங்க."

"யாருக்கா உன்கிட்ட முதல் தரம் கேட்டா?"

என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள். இறங்கும்போது என் மனைவி, "விடுங்க, ரெண்டு நாள்ல ஒத்துக்கும். அது எப்பவும் அப்படித்தான், முதல்ல வேணாம்னுதான் சொல்லும்" என்றாள். அக்காவை அவளுக்குத் தெரியும் என்று நானும் நம்பினேன்.

இரண்டு நாளில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மழைக்காலம் முழுதும் போயிற்று. நான் கத்தினேன், கெஞ்சினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். ஒருநாள் பட்டறையிலிருந்து ஒரு கார்புரேட்டரை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டிலில் வைத்து, "இது மூணாவது வண்டியில ஓடுது அண்ணி, பாருங்க" என்றேன். அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க ஒரு கீறல் இருக்கு மாப்ள" என்றார். உண்மையாகவே இருந்தது. அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். பச்சையாகச் சொல்கிறேன், வெறுத்தேன்.

அவரை மாற்றியது டயாலிசிஸ் ஹால்தான். அதுவரை உள்ளே வந்ததில்லை. வாசலோடு நின்றுகொள்வார், மருந்து வாடை ஒத்துக்கொள்ளாது என்பார். அன்று எனக்குப் பட்டறையில் தவிர்க்க முடியாத வேலை, அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். வரிசையாகக் கட்டில், வரிசையாக மெஷின், ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாதியில் என் மனைவிக்குக் காலில் சதை இழுத்துக்கொண்டிருக்கிறது. கத்தாமல் போர்வையைக் கடித்திருக்கிறாள். பிரஷர் சரசரவென்று இறங்கி மெஷின் அலறியிருக்கிறது. நர்ஸ் ஓடிவந்து காலைத் தூக்கிப் பிடித்து, "ஒண்ணுமில்லக்கா, இவங்களுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று அண்ணிக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள். எப்பவும் இப்படித்தான் என்று அண்ணிக்கு அதுவரை தெரியாது. தங்கை வாயால் சொன்னதும் இல்லை.

சாயங்காலம் பட்டறை வாசலில் வந்து நின்றார். முகம், துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது.

"மாப்ள, எடுத்துக்கச் சொல்லுங்க. இடதையே எடுத்துக்கட்டும்."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கப்புறமும் உடனே நடந்துவிடுமா? பழைய டெஸ்ட்டெல்லாம் காலாவதி. எல்லாவற்றையும் மறுபடி எடுக்க வேண்டும். மனசாரத்தான் கொடுக்கிறீர்களா என்று ஒரு கமிட்டி அண்ணியை உட்கார வைத்துக் கேட்டது. "மனசார இல்லை, ஆனா குடுக்கறேன்" என்று சொல்லப் போனவரை நான் முழங்கையால் இடித்து நிறுத்தினேன். தேதி குறித்தார்கள். என் மனைவி கடைக்குப் போய், தன் பழைய நம்பரில் ஒரு ஜோடி செருப்பு எடுத்துக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. மெஷினில் படுத்திருந்தபோதே என் மனைவிக்குக் குளிர் தூக்கிப்போட்டது. கழுத்துக் குழாய் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். குழாயை எடுத்தார்கள், வேறு இடத்தில் போட்டார்கள், மருந்து மாற்றினார்கள். கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

"இந்த நிலைமையில கிட்னி வைக்க முடியாது. வெச்சா குடுக்குற மருந்தே அவங்களைக் கொன்னுடும். முதல்ல இன்ஃபெக்ஷன் அடங்கணும்."

அண்ணி அவருடைய கோட்டைப் பிடித்துக்கொண்டார். "இப்பவே எடுங்க டாக்டர். எதை வேணும்னாலும் எடுங்க. ரெண்டையும் எடுங்க. நான் ஒண்ணும் கேக்கலை, ஒண்ணும் பார்க்கலை, எடுங்க." டாக்டரம்மா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தார்.

கடைசியாக என் மனைவி தெளிவாகப் பேசியது ஒரு காலை நேரத்தில். அக்காவின் கையைப் பிடித்திருந்தாள். "நீ வேணும்னு பண்ணலைக்கா" என்றாள். அதை மன்னிப்பு என்று சொல்லிச் சொல்லித்தான் நான் அண்ணியைத் தேற்றப் பார்த்தேன். அவர் ஒருநாளும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வேணும்னு இல்லாவிட்டாலும் 'பண்ணினது நீதான்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டார். அன்று மத்தியானம் அவள் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே யாரோ காரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதன் சத்தம் நிற்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அண்ணி தனியாக டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்திருக்கிறார். யாருக்காவது வைத்துவிடுங்கள், முகம் தெரியாதவர்களாக இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டிருக்கிறார். சொந்தம் இல்லாதவருக்கு அப்படியெல்லாம் எடுக்க முடியாது, சட்டம் விடாது என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். அதற்கப்புறம் அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

ஃபேக்டரிக்குத் திரும்பப் போனார். அதே டேபிள், அதே வெளிச்சம். ஆனால் பூதக்கண்ணாடி செத்துவிட்டது. வந்த சட்டையையெல்லாம் பாஸ் பண்ணினார். கோணல் காலர் பாஸ், பட்டன் இல்லாதது பாஸ், ஒரு கை நீளம் ஒரு கை குட்டையாக வந்தது பாஸ். கேட்டால், "போட்டுக்குவாங்க, போட்டுக்குவாங்க" என்றாராம். லைன் பெண்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள், பிறகு அவர்களே அவருக்குத் தெரியாமல் எடுத்து மறுபடி பார்த்து அனுப்பியிருக்கிறார்கள். கடைசியில் அவரை பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைப் பெட்டியை மடித்து டேப் ஒட்டுகிற வேலை. சட்டையின் முகத்தையே பார்க்க வேண்டியதில்லை.

நான் அவரோடு ரொம்ப நாள் பேசவில்லை. அவரும் வரவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவருக்கும் யாரும் இல்லை. இரண்டு பேர் இரண்டு வீட்டில் தனித்தனியாக ஒரே ஆளுக்காக அழுதுகொண்டிருந்தோம். ஒருநாள் பட்டறைக்குப் போகிற வழியில் அவரை பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பாதியாகியிருந்தார். வண்டியை நிறுத்தி, "ஏறுங்க" என்றேன். அவ்வளவுதான் எங்கள் சமாதானம்.

டாக்டரம்மா சொன்னபடி அவர் பிரஷரை வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் போனதே இல்லை. எனக்கென்ன வந்தது என்றார். விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்தில் சின்ன வயது டாக்டர், சிரித்த முகம், எங்கள் கதை எதுவும் அவருக்குத் தெரியாது. பழைய படத்தைப் பார்த்துவிட்டு, எதற்கும் ஒருதடவை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று மறுபடி ஸ்கேன் எழுதினார். ரிசல்ட் வந்ததும் இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"வெரிகுட்மா. அன்னைக்கு எப்படி இருந்துச்சோ இன்னைக்கும் அப்படியே இருக்கு. துளிகூட ஏறலை. ரெண்டு கிட்னியும் சூப்பர். சும்மா பயந்துக்கிட்டு இருக்காதீங்க."

அண்ணி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். "டாக்டர், இந்த இடதை எடுத்து வேற ஒருத்தருக்கு வெச்சிருந்தா?" என்று கேட்டார்.

"குடுக்கணும்னு இருந்தீங்களா? தாராளமா வெச்சிருக்கலாம். இவ்வளவு நல்லா இருக்குற கிட்னி, அங்கயும் நல்லாத்தான் ஓடியிருக்கும்." பேனாவால் திரையைத் தட்டிக் காட்டினார். "யாருக்குக் குடுக்க இருந்தீங்க?"

எனக்கு எழுந்து அந்தப் பையனை அறையலாம் போல இருந்தது. அவன்மேல் என்ன தப்பு? நான் சொன்னேன் இல்லையா, அன்றைக்கே தொண்டை கிழியச் சொன்னேன் இல்லையா என்று கேட்க இத்தனை நாளும் நாக்கு நுனியில் வைத்திருந்தேன். கேட்க வேண்டிய நேரம் அதுதான். அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். கேட்க முடியவில்லை.

"இருந்தாங்க ஒருத்தங்க" என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்தார்.

வெளியே வந்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன். அவர் பின்னால் ஏறி உட்கார்ந்தார், என் தோளைப் பிடிக்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டினோம். மூன்றாவதில் சிவப்பு விழுந்து நின்றபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாப்ள, இன்னும் எத்தனை நாளைக்கு ஓடுமாம் இது?"

"அதான் சொன்னாரே அண்ணி. உங்க ஆயுசு பூரா ஓடும்."

"அவ்வளவு நாளா?" என்றார்.